புல் நேர்ச்சை

1

இந்தக் கதையைத் தேடி நான் அலையவில்லை. போன சனிக்கிழமை மாலை ஒரு பொய்க்குத் தலையாட்டினேன். அதிலிருந்து பிறந்தது இது.

அன்று 1978 ஜூலை எட்டாம் தேதி. தொடர்ந்து மூன்றாவது வருஷமாக ஸ்வீடன்காரர் போர்க் விம்பிள்டனை வாங்கினார். எதிரே அமெரிக்காவின் கானர்ஸ். ஆறு-இரண்டு, ஆறு-இரண்டு, ஆறு-மூன்று. துவைத்துக் காயப்போட்டுவிட்டார். தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய எங்கள் டென்னிஸ் கிளப்பின் வராந்தாவில், பிபிசி வைத்த ரேடியோவைச் சுற்றிப் பதினான்கு பேர் உட்கார்ந்து கேட்டோம். ஆட்டம் முடிந்ததும் போர்க் கட்சிக்காரர்கள் முந்திரி மக்ரூன் வாங்கி வரச் சொன்னார்கள். கானர்ஸ் கட்சிக்காரர்கள் ரேடியோவைக் குறை சொன்னார்கள். அப்போது கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த சுங்க அதிகாரி சத்தியராஜ் சும்மா ஒரு கேள்வி கேட்டார்.

"எழுவத்தஞ்சுல இதே கானர்ஸ ஆஷ் மண்ணக் கவ்வ வச்சாரே, அந்த வருசம் இங்கன யாரு என்ன நேர்ச்சை போட்டீங்க?"

கிளப் தலைவர் கிருபாநிதி தட்டிலிருந்து ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்றார். "அந்த வருசம் நேர்ச்சையே போடலயே வே" என்றார்.

பழைய உறுப்பினர்கள் ஒன்பது பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அதில் ஒரு தலை என்னுடையது.

மறுநாள் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன். என் பெயர் செல்வதுரை. சொந்த ஊர் நாசரேத். கிளப்பில் இணைச் செயலாளர், கிருபாநிதியின் கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. இரண்டு உத்தியோகமும் அவர் கொடுத்தது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். இந்தக் கதையில் எனக்கு என்ன பயம் என்று நீங்கள் நடுவில் குழம்பக் கூடாது.

2

முதல் தொடக்கம்:

அன்று கடல் அமைதியாக—

[அடித்துவிட்டேன். என் மனைவி பிளாரன்ஸ் பின்னால் வந்து நின்று வாசித்தாள். "டென்னிஸ் கதைன்னுதான சொன்னீக அத்தான். கடலுக்கு இங்கன என்ன சோலி?" என்றாள். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர். சிவப்பு மை இல்லாமலேயே திருத்துவாள்.]

இரண்டாம் தொடக்கம்:

1975 ஜூன் இருபத்தைந்தாம் தேதி நாட்டில் அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது, தூத்துக்குடியின் ஒரு சிறிய வராந்தாவில்—

[இதுவும் வேண்டாம். ஏதோ நாங்கள் வராந்தாவில் கூடி எதிர்த்துப் போராடியதுபோல இருக்கிறது. நாங்கள் அன்று கானர்ஸின் இரட்டைக் கை அடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். தணிக்கையால் பத்திரிகையில் வெள்ளை இடம் விட்டு வந்ததைப் பார்த்து ஒருவர், "நல்லவேளை, விளையாட்டுப் பக்கத்துல கை வைக்கல" என்றார்.]

மூன்றாம் தொடக்கம்:

பேச்சிமுத்து நல்ல கறுப்பாக—

[இதைத்தான் முதலில் அடித்திருக்க வேண்டும். ஒரு மனிதரைச் சொல்ல நிறத்திலிருந்து ஏன் தொடங்கினேன்? எங்கள் கிளப் அங்கிருந்துதான் தொடங்கியது. மூன்று வருஷத்துக்குப் பிறகும் என் பேனாவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனாலும் இதை மறைக்காமல் இங்கே விட்டுவைக்கிறேன். இருக்கட்டும்.]

நான்காம் தொடக்கம், கடைசித் தொடக்கம்: பேச்சிமுத்து எங்கள் கிளப்பின் மார்க்கர்.

மார்க்கர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஆட ஆள் இல்லாத உறுப்பினரோடு ஆடுவதற்குக் கிளப் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆட்டக்காரர். காலையில் மைதானத்தை உருட்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டுவார். மாலையில் ஆடுவார். ஆடாதபோது பந்து பொறுக்குவார். வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள் உண்டு. அவற்றில் உட்காரும் உரிமை உறுப்பினர்களுக்கும் போட்டியில் ஆடுகிறவர்களுக்கும் மட்டும் என்று கிளப் சட்டம் சொல்கிறது. மார்க்கர் தூணருகே நிற்பார்.

ஆனால் அவருடைய உண்மையான வேலை இவை எதுவும் இல்லை. உறுப்பினரிடம் தோற்பதுதான் அவர் வேலை. அதுவும் வேண்டுமென்று தோற்றது தெரியாதபடி தோற்க வேண்டும். பந்தை உறுப்பினரின் மட்டைக்கு வாகாகக் கொண்டுபோய்ப் போட வேண்டும். அவரை நாலு எட்டு ஓடவிட்டு, மூச்சு வாங்கும் நேரத்தில் ஒரு பந்தை வலையில் அடித்து, "நல்ல அடி சார்" என்று சொல்ல வேண்டும். பேச்சிமுத்து இதைப் பதினெட்டு வருஷம் செய்தார். கிருபாநிதி தினமும் அவரை ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போவார். மனிதருக்கு ராத்திரி நல்ல தூக்கம் வரும்.

3

இங்கே கொஞ்சம் புல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கதை நிற்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் அடுத்த எண்ணுக்குத் தாண்டிக்கொள்ளலாம். தாண்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

எங்கள் கிளப்பில் ஒருவர்கூடப் புல்தரை டென்னிஸைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் மைதானம் உடன்குடிப் பக்கத்துச் செம்மண்ணும் தாமிரபரணிப் பாசனக் குளத்துக் களிமண்ணும் கலந்து உருட்டி, மேலே சாணம் மெழுகியது. பந்து அதில் நெஞ்சு உயரத்துக்கு எழும்பும். புல்லில் பந்து எழும்பாது, வழுக்கிக்கொண்டு ஓடும் என்று பத்திரிகையில் படித்திருந்தோம். ஆகவே வருஷா வருஷம் ஜூன் கடைசியில், விம்பிள்டன் நடக்கும் இரண்டு வாரமும், நாங்களும் புல்தரை ஆடினோம்.

எப்படி? மைதானத்தில் மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி. நனைந்த சாணத் தரையில் பந்து தாழ்ந்து வரும் என்பது டாக்டர் சிவசுப்பிரமணியனின் கண்டுபிடிப்பு. பந்து தாழ்ந்துதான் வந்தது. நாங்களும் வழுக்கி விழுந்தோம். குழாய்த் தண்ணீர் குடிக்கவே காணாத ஊரில் மைதானத்துக்குக் கிணற்றுத் தண்ணீர்தான், அதுவோ வாயில் வைக்க முடியாத உப்பு. பதினைந்து நாள் ஊற்றி வெயிலில் காய்ந்ததும் மைதானம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். பச்சைப் புல்லுக்கு ஆசைப்பட்டு உப்பளம் வாங்கினோம். ஒவ்வொரு ஜூலையிலும் பேச்சிமுத்து அதைச் சுரண்டி எடுத்து மறுபடி மெழுகுவார். ஒவ்வொரு ஜூனிலும் நாங்கள் மறுபடி ஊற்றச் சொல்வோம். படித்த ஆட்கள் நாங்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு, அதன் பெயர் புல் நேர்ச்சை. விம்பிள்டன் தொடங்கும் திங்கட்கிழமை ஆளுக்கொரு சாம்பியனைப் பிடித்துக்கொண்டு, அவர் ஜெயித்தால் அல்லது தோற்றால் இன்னது செய்கிறேன் என்று எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். கோவிலுக்கும் மாதா கோவிலுக்கும் நேர்ந்துகொள்வதுபோல. சொன்னால் செய்தே தீர வேண்டும். 1974-ல் ரோஸ்வால் கட்சியில் இருந்த ராஜதுரை, மணப்பாட்டு உபதேசியாரின் மகன், ரோஸ்வால் தோற்றால் மீசையை எடுப்பதாகச் சொன்னார். ரோஸ்வால் தோற்றார். ராஜதுரைக்கு அடுத்த வாரம் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது. மன்றாடினார். தலைவர் கிருபாநிதி, "நேர்ச்சன்னா நேர்ச்சதாம்வே" என்று நாவிதரைக் கிளப்புக்கே வரவழைத்துவிட்டார்.*

* பெண் வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். இதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. ராஜதுரை வருத்தப்படுவாரே என்று சொன்னேன்.

4

1975 ஜூன் இருபத்துமூன்று, திங்கட்கிழமை. வராந்தாவில் எல்லோரும் கானர்ஸ் பக்கம். முந்தின வருஷத்துச் சாம்பியன், இருபத்திரண்டு வயசு, அடி ஒவ்வொன்றும் இடி. அமெரிக்கக் கறுப்பர் ஆஷ் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. வயசு முப்பத்திரண்டை நெருங்குகிறது, இதுவரை விம்பிள்டன் இறுதிக்கே வந்ததில்லை.

"ஆஷுக்கு ஒரு ஆளு வேணும்லா" என்றார் கிருபாநிதி. கண் தூண் பக்கம் போயிற்று. "ஏலே பேச்சி, ஒன் நிறத்துக்கு ஆஷ்தாம்ல சரி. நீ ஆஷ் கட்சி."

வராந்தா சிரித்தது. நானும் சிரித்தேன்.

"நான் கானர்ஸ் ஆளு சார்" என்றார் பேச்சிமுத்து.

"கானர்ஸா? ஒனக்கு அவன்ட்ட என்னலே பிடிச்சுது?"

"அவன் எவனுக்கும் விட்டுக் குடுக்க மாட்டான் சார். ஜெயிக்கதுக்குன்னே ஆடுதான்."

தலைவருக்கு இது பிடிக்கவில்லை. மார்க்கருக்கு ஒரு கட்சி கொடுத்தது அவருடைய பெருந்தன்மை. அதைத் திருப்பிக் கொடுத்தால் எப்படி? குரலை உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சரி, நானே ஆஷுக்கு நேர்ச்ச போடுதேன். ஆஷ் விம்பிள்டன்ல ஜெயிச்சா, நம்ம மார்க்கர் இந்த வருசம் சிப்பிக் கோப்பையில ஆடட்டும்."

சிப்பிக் கோப்பை எங்கள் கிளப்பின் ஆண்டுப் போட்டி. முத்துக்குளிப்பு நடந்த ஒரு வருஷம் அப்போதைய தலைவர் ஒரு பெரிய சிப்பியைத் தேக்குப் பலகையில் பதித்துக் கொடுத்தது. உறுப்பினர் அல்லாத ஒருவர் அதில் ஆடியதே கிடையாது. ஆஷ் ஜெயிப்பது எவ்வளவு நடவாத காரியமோ, மார்க்கர் ஆடுவதும் அவ்வளவு நடவாத காரியம் என்பதுதான் தலைவர் சொன்னதன் அர்த்தம். எல்லோரும் கை தட்டினார்கள்.

பேச்சிமுத்து சிரிக்கவில்லை. "நேர்ச்சன்னா நேர்ச்சதான சார்?" என்று கேட்டுக்கொண்டார்.

5

[இந்த இடத்தில் எனக்கு ஒரு தகராறு. முதல் இரண்டு பிரதிகளில் பேச்சிமுத்துவை ஆஷ் ரசிகராகத்தான் எழுதியிருந்தேன். அது எவ்வளவு தோதாக இருந்தது! கறுப்பர் ஒருவர் லண்டனில் ஜெயிக்கிறார், தூத்துக்குடியில் தூணருகே நிற்பவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். வாசகர் கண்ணும் கலங்கும். அந்தப் பிரதியைச் சென்னையில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்ப உறையில்கூடப் போட்டுவிட்டேன்.

பிறகு உறையைக் கிழித்தேன். கிருபாநிதி அவருக்கு எந்தக் கட்சியைக் கொடுத்தாரோ, அதே கட்சியை நானும் கொடுத்திருக்கிறேன். அவர் வாயால் வேண்டாம் என்றதை நான் பேனாவால் திணித்திருக்கிறேன். பேச்சிமுத்து கானர்ஸ் ஆள். உங்களுக்கு வசதியாக இல்லாவிட்டால் நான் என்ன செய்ய?]

இன்னொன்று. 1974-ல் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில், நிறம் பார்த்து மனிதரைப் பிரிக்கும் தென்னாப்பிரிக்காவோடு ஆட மாட்டோம் என்று இந்தியா கோப்பையையே விட்டுக்கொடுத்தது. எங்கள் கிளப் கூடி அதைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. தட்டச்சு செய்தவன் நான். நாங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து கை தூக்கினோம். பேச்சிமுத்து தூணருகே நின்றார்.

6

ஜூலை ஐந்து, சனிக்கிழமை. எங்கள் நேரம் மாலை ஆறரை தாண்டி இறுதி ஆட்டம் தொடங்கியது. கானர்ஸுக்கு எதிரே நின்றவர் ஆஷ்.

முதல் செட் ஆஷுக்கு ஆறு-ஒன்று. ரேடியோ தப்பாகச் சொல்கிறது என்றார் ராஜதுரை. இரண்டாவது செட்டும் ஆறு-ஒன்று. என்ன நடக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. ஆஷ் பலமாக அடிக்கிறவர் என்றுதான் படித்திருந்தோம். அன்று மெதுவாக, தாழ்வாக, வெட்டி வெட்டிப் போடுகிறார் என்று வர்ணனையாளர் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் சிவசுப்பிரமணியன்தான் கேட்டார். "பேச்சி, இது என்னப்பா ஆட்டம்?"

"அவனுக்கு வேகத்தக் குடுக்க மாட்டேங்கான் சார். கானர்ஸ் மத்தவன் வேகத்த வாங்கித்தான் அடிப்பான். செத்த பந்தாப் போட்டா அவனே சொந்தமா வேகம் போடணும். அவசரப்படுதான், வலையில அடிக்கான். நான் தெனமும் உங்களுக்குப் போடுத பந்துதான் சார். நான் உங்க மட்டைக்குப் போடுதேன். ஆஷ் அவன் மட்டைக்குக் கீழ போடுதான். அம்புட்டுதான் வித்தியாசம்."

டாக்டர் மட்டுமல்ல, பதினெட்டு வருஷம் ஜெயித்த அத்தனை பேரும் அந்த நிமிஷம் தங்கள் வெற்றிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்திருப்பார்கள். கிருபாநிதி பேச்சிமுத்துவைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அது கோபம் இல்லை, பயம்.

மூன்றாவது செட் கானர்ஸுக்கு ஏழு-ஐந்து. தலைவருக்கு உயிர் வந்தது. நான்காவதில் ஆஷ் ஆறு-நான்கு. முடிந்தது.

ரேடியோவில் கைதட்டல் ஓயாமல் கேட்டது. யாரோ அணைத்தார்கள். பேச்சிமுத்து தூணை விட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"கானர்ஸ் தோத்துட்டான். எனக்கு வருத்தந்தான்" என்றார். "சிப்பிக் கோப்பை என்னைக்கு சார்?"

அவர் மறுபடி பேசினார். குரலில் கெஞ்சல் இல்லை.

"பதினெட்டு வருசமா தோக்கதுக்குன்னு ஆடுதேன். எனக்கு எவ்வளவு ஆட்டம் தெரியும்னு எனக்கே தெரியாது சார். ஒருக்கா, ஒரே ஒருக்கா, ஜெயிக்கதுக்குன்னு ஆடிப் பாக்கணும். தோத்தாலும் அது என் தோல்வியா இருக்கட்டும்."

7

தலைவர் முதலில் மைதானத்தைக் காரணம் காட்டினார். உப்புப் பூத்துவிட்டது, மைதானம் பாழ், இந்த வருஷம் சிப்பிக் கோப்பை இல்லை. பேச்சிமுத்து மறுநாளே சுரண்டத் தொடங்கினார். மற்ற வருஷங்களில் மேலாக வழித்துவிட்டு மெழுகுவார். இந்தத் தடவை ஒரு சாண் ஆழம் வெட்டி எடுத்தார். உடன்குடியிலிருந்து புது மண் அடித்தார். நல்ல தண்ணீருக்கு வண்டி பிடித்தார். ஐந்து வாரத்தில் மைதானம் கண்ணாடி மாதிரி ஆயிற்று. எங்கள் கிளப் சரித்திரத்தில் அப்படி ஒரு மைதானம் இருந்ததில்லை.

பிறகு தலைவர் சட்டத்தைக் காட்டினார். மார்க்கர் சம்பளம் வாங்கி ஆடுகிறவர், சம்பளக்காரர் போட்டியில் ஆடக் கூடாது.

அதற்குப் பேச்சிமுத்து சொன்னதை, அன்று நான் கேட்டபடியே எழுதுகிறேன்.

"விம்பிள்டன்ல அறுவத்தெட்டுல இருந்து சம்பளக்காரன் ஆடுதான் சார். நீங்க ரேடியோவச் சுத்தி உக்காந்து கேட்ட ரெண்டு பேரும் சம்பளக்காரந்தான். அங்கன ஆடலாம், இங்கன ஆடக் கூடாதா? லண்டன விட நாம ஒசத்தியா?"

தலைவர், "பாப்போம்ல, பாப்போம்" என்றார். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

8

இனி வரும் பகுதியில் நான் நல்லவனாக வர வழியில்லை.

யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியலைத் தயாரிப்பது இணைச் செயலாளரின் வேலை. குலுக்கல் போட்டு, தட்டச்சு செய்து, தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நான் பதினாறு பெயர்களைக் குலுக்கினேன். பதினாறாவது பேச்சிமுத்து. அடித்து எடுத்துக்கொண்டு ஏஜென்சி அலுவலகத்தில் தலைவரின் மேஜைக்குப் போனேன். அந்த நிமிஷம் வரைக்கும் நான் வீரன்தான்.

கிருபாநிதி பட்டியலை வாசித்தார். கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு பேரு கூடுதலா இருக்கே தொரை" என்றார். "எண்ணிப் பாத்து அடிச்சிட்டு வா."

நான் என் மேஜைக்குத் திரும்பி வந்து பதினைந்து பெயர்களை அடித்தேன்.

[அந்த முதல் பட்டியலை இத்தனை நாள் பெட்டிக்கடியில் பத்திரமாக வைத்திருக்கிறாயா என்று கேட்பீர்கள். கதைகளில் அப்படித்தான் வைத்திருப்பார்கள். நான் கிழித்துக் கூடையில் போட்டேன்.]

9

சென்னைப் பத்திரிகை ஆசிரியருக்குக் கதையின் சுருக்கத்தை எழுதிப் போட்டிருந்தேன். அடுத்த வாரம் கார்டு வந்தது. மூன்று விஷயம் சொல்லியிருந்தார். பெயர்களை மாற்றவும். கடைசியில் மார்க்கர் ஆடி ஜெயிப்பதாக வைத்தால் ஆகஸ்ட் இதழிலேயே போடலாம். அது முடியாவிட்டால் முடிவை வாசகரிடம் விட்டுவிடவும், இப்போது அதுதான் நாகரிகம்.

பெயர்களை மாற்ற மாட்டேன். ஒரு பெயரை எடுத்ததுதான் இந்தக் கதையில் நடந்த குற்றமே. மறுபடியும் எடுக்கச் சொல்கிறீர்களா?

மற்ற இரண்டையும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

முடிவு ஒன்று: பேச்சிமுத்து ஆடுகிறார், இறுதியில் கிருபாநிதியை ஆறு-ஒன்று, ஆறு-ஒன்று என்று—

முடிவு இரண்டு: பேச்சிமுத்து ஆடித் தோற்கிறார், ஆனால் தலைவர் வலையைத் தாண்டி ஓடிவந்து அவரைக் கட்டி—

[இதை எழுதும்போது எனக்கே வாந்தி வந்தது.]

முடிவு மூன்று: பல வருஷம் கழித்து, சென்னையில், ஒரு பெரிய பயிற்சியாளராக—

புதன்கிழமை மத்தியானம் புதுத் துறைமுகத்துக்குப் போனேன். கிளப்பை விட்ட பேச்சிமுத்து இப்போது அங்கேதான் இருக்கிறார். கப்பல் தளத்தில் கயிறு கட்டும் கோஷ்டிக்கு மேஸ்திரி. கிரேன் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சத்தியமாக.

"ஒங்களப் பத்தி எழுதுதேன்" என்றேன். முதல் தடவையாக ஒங்கள என்று சொன்னேன்.

"எழுதுங்க. ஆனா என்னய ஜெயிக்க வச்சிராதீங்க சார்."

"ஏன்?"

"நான் ஆடவே இல்லயே. ஆடாதவன் எப்படி ஜெயிப்பான்? தோக்கவும் வச்சிராதீங்க. போதும் போதும்ங்க அளவுக்குத் தோத்தாச்சு." தூக்குச்சட்டியைக் கழுவி மூடினார். "பாவம்னும் எழுதாதீங்க. நான் அன்னைக்கு நல்லாத்தான் இருந்தேன். நீங்கதான் பாவம்."

வீட்டுக்கு வந்து பிளாரன்ஸிடம் சொன்னேன். ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது. ஆகவே முடிவை வாசகரிடமே விட்டுவிடப் போகிறேன், ஆசிரியரும் அதைத்தான் நாகரிகம் என்கிறார்.

அவள் நோட்டுத் திருத்துவதை நிறுத்தினாள்.

"அன்னைக்குத் தலைவர் சொன்னாருன்னு பேர எடுத்தீக. இன்னைக்கு வாசகர் சொல்லட்டும்னு விடுதீக. நீங்க என்னைக்கு அத்தான் சொல்லுவீக?"

"வேல போயிரும்ளா."

"போட்டும். எனக்குச் சம்பளம் வருதுல்லா. கத வரலன்னாலும் பரவால்ல, எழுதி முடிங்க. நீங்க கூப்புடாத பேர வாசகர் தலையில கட்டாதீக."

ஆகவே ஆசிரியர் அவர்களே, இந்த முடிவை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன். அடைப்புக்குறி, நட்சத்திரக் குறி எதுவும் இனிக் கிடையாது. போடுவதானால் போடுங்கள். இல்லாவிட்டால் நானே அச்சடித்துக் கிளப் வாசலில் நின்று கொடுப்பேன்.

10

1975 ஆகஸ்ட் பதினாறு, சனிக்கிழமை காலை. துறைமுக அதிகாரிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வராந்தாப் பிரம்பு நாற்காலிகளை மைதானத்தை ஒட்டி வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

பேச்சிமுத்து விடிவதற்கு முன்பே வந்து கோடு போட்டு, வலை கட்டி, உயரம் அளந்து முடித்தார். பிறகு கிணற்றடியில் குளித்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சுண்ணாம்பு பூசிய கான்வாஸ் ஷூ அணிந்து, மட்டையோடு வந்து முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

கிருபாநிதி விருந்தாளிகளுக்குக் கேட்காமல் அடிக்குரலில், "ஏலே, எந்திரி" என்றார்.

"ஆட வந்திருக்கேன் சார். ஆடுதவங்க உக்காரலாம்னு சட்டம் இருக்கு. பேரக் கூப்பிடச் சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பட்டியல் என் கையில் இருந்தது. அதில் அவர் பெயர் இல்லை. ஆனால் பெயரைக் கூப்பிடுவதற்குக் காகிதம் எதற்கு? வாய் போதும். அத்தனை பேர் முன்னால் நான் ஒரு தடவை கூப்பிட்டிருந்தால், விருந்தாளிகளுக்கு எதிரே தலைவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. இது எனக்கு அப்போதே தெரியும்.

நான் டாக்டர் சிவசுப்பிரமணியனையும் ராஜதுரையையும் கூப்பிட்டேன்.

பேச்சிமுத்து எழுந்து போகவில்லை. ஆட்டத்தைப் பார்த்தார். ஒரு பந்து வேலியோரம் போயிற்று. டாக்டர் பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பந்து வரவில்லை. பேச்சிமுத்து நாற்காலியில் இருந்தார். டாக்டர் போய்க் குனிந்து எடுத்தார். அடுத்த பந்துக்கு ராஜதுரை போனார். அன்று பகல் முழுக்கக் கிளப்பின் பெரிய மனிதர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் தங்கள் பந்தைத் தாங்களே ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். கோட்டில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தகராறு வரும்போதெல்லாம் இரண்டு பேரும் பேச்சிமுத்துவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் மட்டையின் நரம்புகளை நேராக்கிக்கொண்டிருந்தார். ஒருமுறை துறைமுக அதிகாரியின் மனைவி அவரிடம், "உங்க ஆட்டம் எப்போ?" என்று கேட்டார். "கூப்பிடுவாங்கம்மா" என்றார்.

மூன்றாவது ஆட்டம் தலைவருடையது. நாலாவது கேமில் அவர் அடித்த பந்து எகிறிப் போய், பேச்சிமுத்து உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் நின்றது. கிருபாநிதி அசையவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பேச்சிமுத்துவும் அசையவில்லை. அரை நிமிஷம் ஆயிற்று. விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓடியது நான். பட்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முழங்காலில் நின்று, நாற்காலிக்கு அடியில் கையை விட்டுப் பந்தை எடுத்தேன். நிமிரும்போது அவர் முகம் எனக்கு மேலே இருந்தது. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"என் பேரு ஒங்களுக்குத் தெரியும்லா சார்?"

"தெரியும் பேச்சிமுத்து" என்றேன்.

"பொறவு என்ன?"

அதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. பயந்தேன். பந்தைக் கொண்டுபோய்த் தலைவர் கையில் கொடுத்தேன், ஆட்டம் தொடர்ந்தது.